நொத்தேர்

வீட்டுப் பத்திரம் எழுதித் தந்த நொத்தேர் போலவே இருந்தது.
அதே கறுப்புக் கோட்டு, அதே தொந்தி,
இங்கே ஒரு கையெழுத்து என்கிற அதே தலைச்சாய்வு.
ஞாயிறு சந்தையில் நூற்றிருபது சொல்லி
எண்பதுக்குக் கொடுத்தான்.
இடது இறக்கையைப் பின்பக்கம் திருப்பித் தைத்திருந்தது.
"அது ஸ்டைலும்மா" என்றான்.

நானும் கலிவரதனும் பேசி
அன்றோடு ஒன்பது நாள்.
காரணம் மறந்துவிட்டது, மிக்சியாக இருக்கலாம்.
முத்தியால்பேட்டை பஸ்ஸில்
என் மடியிலிருந்த பென்குயினைப் பார்த்துக் கேட்டார்:
"நொத்தேருக்குப் பசிக்குமோ?"
நேற்றைய மீன்குழம்பு இருக்கிறது என்று
நான் நொத்தேரிடம் சொன்னேன்.

வழக்கம் அப்படித் தொடங்கியது.
அவர் அக்கா அனுப்பிய டிக்கெட்டில் பாதி,
சீட்டுப் பணத்தில் மீதி என்று
பதினொரு தேசம் போனது.

சைகோனில் மாரியம்மன் கோவில் வாசலில்
எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தது.
சிங்கப்பூரில் தொலைந்து
ஒரு காய்கறிக் கடையின் தராசில் கிடைத்தது,
முந்நூறு கிராம்.
பாரிசுக்குப் பக்கத்தில், அக்கா வீட்டுப் பால்கனியில்
முதல் பனியைப் பார்த்த அன்று
நொத்தேருக்குக் குளிரும் என்று
ஒரு சால்வை வாங்கி வந்தார்,
என் அளவில்.

பிராங்பர்ட்டில் அதன் வயிற்றைக் கிழித்தார்கள்.
கையுறை போட்ட ஒருத்தி
ஒவ்வொன்றாய் மேஜைமேல் எடுத்து வைத்தாள்:
ரவிக்கை வெட்டின துண்டுகள், சீருடை நீலம்,
கைலி ஓரம், ஒரு பித்தான்,
வில்லியனூர் வரைக்கும் எடுத்த
பாதி பஸ் டிக்கெட்.
எங்கள் வீட்டுத் துணிக்கொடியை
யாரோ நடுத்தெருவில் கட்டிவிட்ட மாதிரி
எனக்குக் கூசியது.
இது என்ன என்றாள்.
கலிவரதன் நெடுநேரம் யோசித்து
"டைலர்" என்றார்.
அவள் தும்மினாள். போகச் சொன்னாள்.
இரண்டு ஹேர்பின்னால் வயிற்றை மூடிக்கொண்டு பறந்தோம்.
பஸ் டிக்கெட்டை மட்டும் அவர் பர்சில் வைத்துக்கொண்டார்.
ஏன் என்று நொத்தேரிடம் கேட்டேன்,
பதில் வரவில்லை.

பிறகு கேப்டவுன்.
நிஜப் பென்குயின்கள் அங்கே
பனியில்லாமல், கொளுத்தும் மணலில்,
கழுதை மாதிரிக் கத்திக்கொண்டு நிற்கின்றன.
காலண்டரில் பார்த்ததெல்லாம் பொய்யா என்று
இவருக்கு ஒரே வருத்தம்.
நொத்தேரை வேலிக்கட்டையில் உட்கார வைத்தார்.
ஒன்று கிட்டே வந்தது,
பத்திரத்தில் பிழை கண்டதுபோல்
இப்படியும் அப்படியும் பார்த்தது,
எச்சமிட்டுவிட்டுப் போனது.
"நொத்தேருக்குச் சொந்தக்காரங்க சரியில்ல."
அன்றிரவு தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.
பக்கத்துத் தலையணையும் குலுங்கியது.

இப்போது அவருக்கு முழங்கால், எனக்குச் சர்க்கரை.
பாஸ்போர்ட் இரண்டும் பீரோவில்.
நொத்தேர் பீரோமேல்.

போன வியாழக்கிழமை மாடிவீட்டு யாழினி வந்தாள்.
ஸ்கூலில் பிச்சாவரம் கூட்டிப் போகிறார்கள், தருவீங்களா?
யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

ஆறு மணி. ஆறரை.
கடலூர் ரோட்டில் நெரிசலாக இருக்கும்.
அந்த முழங்காலோடு நாலு தரம் கேட் வரை போய் வந்தார்.
கல் காய்ந்துகொண்டிருந்தது.
பீரோமேல் பார்த்தார்,
தூசியில் ஒரு வட்டம்.
சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.
"மங்கையர்க்கரசி" என்றார்.
வேறு யாரோ வந்திருக்கிறார்களென்று
திரும்பிப் பார்த்தேன்.
"உனக்குப் பசிக்குதா?"

ஏழே முக்காலுக்கு வந்து சேர்ந்தது,
இடுப்பு வரை சேறு,
அலகில் சிப்ஸ் துணுக்கு.
அலசி, கோணல் இறக்கையில் கிளிப் மாட்டி
கொடியில் தொங்கவிட்டேன்.
அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.
இரண்டு தோசை கூடுதலாக வார்த்தேன்.