ஏழு மன்னிக்கவும்

சனிக்கிழமை மூன்று மணி.
மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போட்டோக்கொப்பிக் கடையின் மாடி.
வாடகை கேட்பதில்லை,
கடைக்காரர் என் மச்சானோடு படித்தவர்.
இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி.
கீழே யாரோ ஒருவரின் காணி உறுதி
பிரதியாகிக்கொண்டிருக்கும் சத்தம்.

நுஸ்ஹா ஏறாவூரிலிருந்து வந்திருக்கிறாள்.
தற்காலிக உதவி விரிவுரையாளர்.
ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது.
என்னைவிட நாலு வயதுதான் குறைவு.
"மிஸ்" என்கிறாள்.
வேண்டாம் என்றால்
"சரி மிஸ்" என்கிறாள்.

வழிகாட்ட நான் யார்?
முடிக்காத ஒரு கலாநிதிப் பட்டம்,
நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்தில்
குளோரின் அளக்கும் உத்தியோகம்.
தொண்டர் படிவத்தில்
'அனுபவம்' என்ற கட்டத்தின் மேல்
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
மறுகா எழுதினேன்:
பதினொரு வருடம், தவறவிட்டவையும் சேர்த்து.

மடிக்கணினியை என் பக்கம் திருப்புகிறாள்.
பேராசிரியருக்கு எழுதி
அனுப்பாமல் வைத்திருக்கும் மின்னஞ்சல்.

பதினாலு மாதம் வாவியில் இறங்கியவள் இவள்.
விடிய ஐந்தரைக்குத் தோணி,
ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸும் சேறும்,
முந்நூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள்,
இடையில் ஒரு டெங்கு.
கட்டுரை வரப்போகிறது.
முதல் பெயர்
தோணியில் கால் வைக்காத ஒருவருடையது.
இவள் பெயர் நாலாவது.
அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

வாசித்தேன். பிறகு எண்ணினேன்.
இருபத்திரண்டு வரி,
ஏழு 'மன்னிக்கவும்'.
தொந்தரவுக்கு ஒன்று.
ஞாயிற்றுக்கிழமை எழுதுவதற்கு ஒன்று.
தான் பிழையாக விளங்கியிருக்கக்கூடும் என்பதற்கு
இரண்டு.
ஏழாவது எதற்கென்று
அவளுக்கே தெரியவில்லை.

"இதில உண்மையா மன்னிப்புக் கேட்க வேண்டியது எது?"

நகத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.
"நவம்பர் மழைக்குள்ள
ரெண்டு போத்தலுக்கு லேபல் ஒட்ட மறந்தன்.
அது என்ட பிழைதான்."

சரி, அது இருக்கட்டும்.

மற்றவற்றை எடுக்கத் தொடங்கினோம்.
ஒன்றை எடுத்தால்
பக்கத்து வாக்கியம் சரிந்துவிடுகிறது.
முட்டுக் கொடுக்க ஒரு தேதி வேண்டும்.
ஓர் இடத்தின் பெயர், ஓர் எண்.
அவள் குறிப்புக் கொப்பியைப் புரட்டுகிறாள்.
உப்புத் தண்ணீர் பட்டு
உப்பிப் போன தாள்கள்.
எல்லாம் அதற்குள் இருந்தன.

நாலேகாலுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது.
கீழே இயந்திரமும் மூச்சை விட்டது.
பற்றரியில் பதினொரு வீதம்.

அப்போதுதான் கேட்டாள்:
"நீங்க எழுதினதுக்கு என்ன பதில் வந்த, மிஸ்?"

யாரும் கேட்டிராத கேள்வி.
என்னுடையது இன்னும் வரைவுப் பெட்டியில்தான்.
ஒன்பது வருடம்.
அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்,
அந்த முகவரி இனி யாரிடமும் போகாது.

"அதில எத்தனை மன்னிக்கவும்?"

"ஒண்டும் இல்ல.
வணக்கம் சேர் எண்டு மட்டும்.
அதுக்குக் கீழ வெறும் வெள்ளை."

அவள் ஆறுதல் சொல்லவில்லை.
நான் தைரியம் சொல்லவில்லை.
ஒப்பந்தத்தை நீடிக்கும் கையெழுத்து அவருடையது,
அனுப்பினால் என்ன நடக்கும் என்று
எனக்குத் தெரியாது என்றேன்.
அன்று நான் சொன்னதில்
நிச்சயமான வாக்கியம் அது ஒன்றுதான்.

ஐந்து பத்து பஸ்ஸுக்கு
பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

செவ்வாய் இரவு வாட்ஸ்அப்பில்:
"அனுப்பிட்டன்.
பதில் வரல்ல.
ஆனா என்ட பேர்ல இருந்த எழுத்துப் பிழையை
திருத்தியிருக்காங்க.
இன்னும் நாலாவதுதான்.
திரும்ப எழுதப் போறன்."
மிஸ் என்று எங்கும் இல்லை.
இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

மாத முடிவில் தொண்டர் அறிக்கை.
செலவிட்ட நேரம்: இரண்டு மணி பத்து நிமிடம்.
பெறுபேறு: ஆறு.

கொழும்பிலிருந்து இணைப்பாளர் அழைத்தார்.
"ஆறு பேரா, ஆறு கட்டுரையா?
விளக்கமா எழுதணும்."

மன்னிக்கவும் என்று தொடங்கப் போய்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.