பதினோராவது துளை

மூர் தெருவில் கப்பல் சாமான் கடை.
கயிறு, பெயின்ட், மூட்டை மூட்டையாய் வெங்காயம்,
அடுத்த துறைமுகத்தில் மரியாதைக்கு ஏற்ற
அந்த நாட்டுக் கொடி.
கடைசியது என் வேலை. மாடியில் தையல் மெஷின்,
ஜன்னலில் கன்டெய்னர் லாரிகளின் புகை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த மீரான் லெப்பை
ஆர்டர் தாளை மெஷின் மேல் வைத்தார்.
ஓட்டலில் வர்த்தகக் கூட்டம். மேசைக்கொடி, பதினொன்று.
"ஆசியான்னா பத்துதானே பாய்?"
"கூட ஒண்ணு சேர்ந்திருக்கு ஜெசிந்தா. கிழக்குத் திமோர்.
மனு போட்டு பதினாலு வருசமாம்."

பதினாலு வருசம்.
என் தம்பி மனைவி எஸ்தர் பெயரை
ரேஷன் கார்டில் சேர்க்க நான் அலைந்தது பதினோரு மாதம்.
பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கினால்தான்
புகுந்த வீட்டுக் கார்டில் ஏற்றுவார்கள்.
நீக்கியாயிற்று, ஏற்றவில்லை,
சர்வர் இல்லை, சார் லீவு, செவ்வாய் வாங்க.
எந்தக் கார்டிலும் இல்லாதவளாய்
எங்கள் பங்குச் சர்க்கரையில் டீ குடித்தாள்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துப் போட்டு.

வரிசைத் தாளைப் பார்க்கிறேன்.
மூன்றாவதாய் நிற்கும் கொடி
ஒரு காலத்தில் இவர்களைத்
தன் கார்டில் வைத்திருந்ததாம்.
இப்போது ஒரே மேசை.
எஸ்தரும் அவள் பெரியப்பாவும்
கல்யாண வீட்டில் எதிரெதிரே சாப்பிட்டது போல
இருக்குமோ என்னவோ.

கடையில் இருப்பது பத்துத் துளை போட்ட தேக்குக் கட்டை.
பழைய வண்ணாரப்பேட்டைக்கு எடுத்துப் போனேன்.
கஜபதி விரலால் அளந்தார்.
"ஓரத்துல போட்டா பொளந்துக்கும்மா."
ஓரத்தில் இல்லை, ஆங்கில எழுத்து வரிசைப்படி
தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் என்றேன்.
கடைசியில் வந்தவர் கடைசியில் உட்காரவில்லை
என்பதில் அவருக்கு ஒரே சிரிப்பு.
"அப்ப புதுக் கட்டைதான்.
ஒருத்தனுக்கு எடம் வுடணும்னா
பத்து பேரும் கொஞ்சம் கொஞ்சம் நவுரணும்."
ஐந்நூறு கேட்டார். நானூற்று ஐம்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

சிவப்பு. மஞ்சள் முக்கோணம், அதன் மேல் கறுப்பு முக்கோணம்.
கறுப்பில் ஒரு வெள்ளை நட்சத்திரம்.
ஒழுங்காய், நேராய் வைத்துத் தைத்தேன்.
பிறகுதான் மாதிரிப் படத்தை உற்றுப் பார்த்தேன்.
நட்சத்திரம் சாய்ந்திருக்கிறது.

அடெலினோ.
ஏழு வருடம் முன்பு சரக்குக் கப்பலிலிருந்து இறங்கி
இந்த மாடிக்கு ஏறி வந்தவன்.
கொடிகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டினான்.
அவனுடையது இல்லை.
உலகப் படத்தில் ஒரு தீவைக் காட்டி
உள்ளங்கையால் பாதியை மறைத்தான்.
மீதிப் பாதி அவன் நாடு.
பில்லின் பின்பக்கம் வரைந்து கொடுத்தான்,
நட்சத்திரம் கோணலாய்.
பாவம், கப்பல் ஆடி ஆடிக் கை நிலைக்கவில்லை
என்று நினைத்துக்கொண்டேன்.
அடுத்த முறை வரும்போது தைத்து வைக்கிறேன் என்றேன்.
அன்று இரவே நங்கூரம் எடுத்துவிட்டார்கள்.
நானும் தைக்கவில்லை. யார் கேட்பார்கள் அந்தக் கொடியை?

பிரித்தேன்.
ஒரு முனை மேல் மூலையைப் பார்க்கும்படி
திருப்பி வைத்துத் தைத்தேன்.
இரண்டு முறை ஊசி உடைந்தது.

கூட்டமைப்பின் சின்னத்தில் பத்து நெற்கதிர்.
பதினொன்றாகத் தைக்கணுமா என்று கேட்டேன்.
தாளில் ஒன்றும் போடவில்லை என்றார் லெப்பை.
பத்தையே தைத்தேன்.
ஆனால் கட்டும் கயிற்றைச் சற்று
தளர்த்தித்தான் விட்டிருக்கிறேன்.

புதுக் கட்டை ஆட்டோவில் போய்விட்டது.
பழையதின் துளைகளில் குச்சி செருகி
நூல்கண்டுகளை மாட்டி வைத்திருக்கிறேன், பத்து நிறம்.
கறுப்புக்கு இடமில்லை.
அது மேசையில் உருண்டு உருண்டு
கத்தரிக்கோலில் இடித்து நிற்கிறது.