பிளாஸ்டர்

கதவு நிலையின் மேல்மூலையில்
பெருவிரல் நகமளவு ஒரு சுவிட்ச்.
அதை அமுக்கிப் பிடித்தபடி
இரண்டு அங்குல பிளாஸ்டர்.
கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும்
மூடியிருக்கிறதென்று இயந்திரத்தை நம்பவைக்க
அவ்வளவு போதும்.

இரவு ரயிலில் வந்திறங்கி
மட்டக்களப்பு ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி
எட்டு மணிக்கு
வாவிக்கரைக் கதிர்ச்சிகிச்சை நிலையத்தில்
படிவத்தை விரித்திருந்தேன்.
நூற்றுப் பதினாறு கேள்விகள்.
நாற்பத்தொன்றில் நின்றுவிட்டேன்:
கதவு திறக்கப்பட்டதும்
கதிர் மூலம் தானாக உள்ளே இழுபடுகிறதா?

ரெறன்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"கறள், மிஸ்.
இந்த உப்புக் காத்துக்கு
சுவிட்ச் ஒண்டு ஒரு மாசம் தாங்காது.
நல்லாச் சாத்தின கதவையே திறந்திருக்கெண்டு சொல்லும்.
ஒரு ஆளுக்கு நடுவில மூணுதரம் நிண்டு போகும்.
இந்தா, எழுதின கடிதமெல்லாம்."

ஆறு கடிதங்கள்.
ஆறாவதற்கு மட்டும் பதில்:
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.
பதிலின் தலையில் இருந்த இலச்சினை
என் பையிலும் இருந்தது.
பையைத் திருப்பி வைத்தேன்.

கோபால்ட்டுக்கும் வயதாகிவிட்டது.
ஐந்து வருடமும் சொச்சமும் போனால் பாதி;
இங்கே இரண்டு பாதி போய்விட்டது.
இரண்டு நிமிடம் படுத்தவர்கள்
இப்போது எட்டு நிமிடம் படுக்கிறார்கள்.
அப்படியும் நாளுக்கு முப்பத்தெட்டுப் பேர்,
ஒருவரும் திருப்பி அனுப்பப்படவில்லை.
செயற்திறன் பகுதியில்
இருபதுக்குப் பதினெட்டு போட்டேன்.
பிறகுதான் உறைத்தது,
அந்தப் பதினெட்டையும்
இந்த பிளாஸ்டர்தான் ஒட்டி வைத்திருக்கிறதென்று.

கட்டிலில் ஆளில்லாமல் இயக்கச் சொன்னேன்.
கதவை ஒரு சாண் திறக்கச் சொன்னேன்.
மானியின் முள் சாய்ந்தது.
பெரிதாக இல்லை.
'பெரிதாக இல்லை' என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

வெளியே வாங்கு.
காற்றாடி அங்கே மட்டும் சுற்றுவதால்
கதவுக்கு நேரே இழுத்துப் போட்டிருந்தார்கள்.
தகப்பனைக் கூட்டிவந்த வெல்லாவெளிப் பெண்
அதில் சரிந்து நித்திரை.
ஏழு மாதம் இருக்கும்.
எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று எழுப்பிக் கேட்டேன்.
"இண்டையோட பதினேழு" என்றாள்,
எங்கே இருந்து என்று நான் கேட்கவில்லை.

ரெறன்ஸ் பின்னால் வந்து நின்றார்.
"முகத்துவாரம் வெட்டுற கதைதான், மிஸ்.
மாரிக்கு மாரி இஞ்ச சண்டை.
முந்தி வெட்டினா மீன்காரன் ஏசுவான்,
பிந்தி வெட்டினா வயல்காரன்.
வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைச்சவனுக்கு
ரெண்டு பேரும்."

பத்து முப்பத்தைந்துக்குக் கையெழுத்து வைத்தேன்.
இயக்கம் நிறுத்தம்.
புதிய சுவிட்ச் பொருத்தி
மீளப் பரிசோதிக்கும் வரை.
அலுவலகத்துக்கு நானே போன் எடுத்து
என்னுடைய இலச்சினையோடு கத்தினேன்.
மூன்று நாள் என்றார்கள்.
மூன்று நாள் என்றால் எத்தனை நாளென்று
ரெறன்சுக்குத் தெரியும்.

பிளாஸ்டரை உரித்து
நாற்பத்தொன்றாம் கேள்விக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
அதில் கறள் தூள்,
ஒரு மயிர்,
யாருடையதோ பெருவிரல் ரேகை.

வாங்கில் இருந்தவர்களுக்கு
நானே போய்ச் சொன்னேன்.
யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.
நிந்தவூர் உதுமாலெப்பை மட்டும்
சால்வையை விலக்கிக் கழுத்தைக் காட்டினார்.
எங்கே கதிர் விழவேண்டுமென்று
ஊதா மையில் போட்ட கோடு.
விடிய மூன்றரை பஸ்சுக்கு வந்தவர்.

"இதுல தண்ணி படப்படாதெண்டு சொன்னாங்க, மகள்.
மறுகா எப்ப வரச் சொல்றீங்க?
வேர்வைக்கு அழிஞ்சி போகுமே."

என் பையில்
மூன்று பேனை இருந்தது.
அந்தக் கோட்டைத் தொட
எனக்கு அனுமதி இல்லை.