புளியரை, இருபத்தாறு போல்ட்டு

விடியக்காலம் மூணு மணி.
எஸ் வளைவுக்குக் கீழே
செக்போஸ்ட் வெளிச்சம் எட்டாத ஓரத்தில்
நாற்பது டன் எம்-சாண்டோடு நின்றுபோயிருந்தது லாரி.
மைதீன் பிச்சை டயருக்குக் கல் வைத்துவிட்டு
கல்லின்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

சூடு ஆறி மூடியைத் திறந்து
ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.
ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி.
உலை கொதிக்கிற குமிழி இல்லை,
அதைவிட அவசரம் அதற்கு.
"இந்த வருசத்துல மூணாவது கேஸ்கெட்டுண்ணே" என்றான்.

மணலை வேறு வண்டிக்கு மாற்றி
ஷெட்டுக்கு இழுத்து வர மத்தியானம்.
செயின் பிளாக்கில் ஹெட்டைத் தூக்கினோம்.
மூணாம் சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்கு இரும்பு வளையம்
தோசை ஓரம்போலக் கருகித் தேய்ந்திருந்தது.

கொட்டாரக்கரையிலிருந்து தங்கச்சன் முதலாளி போனில்:
லோக்கல் சாமானம் போட்டதல்லே?
இல்லை. கம்பெனி சீல் உடைத்ததை இவனே பார்த்தான்.
முதலாளிக்கு எப்படிச் சொல்வது,
கேஸ்கெட் எதையும் பிடித்துவைப்பதில்லை,
பிடிப்பதெல்லாம் போல்ட்டின் இழுவைதான் என்று.
டர்போ அளவுக்கு மீறித் திணிக்கும்போது
ஒவ்வொரு வெடிப்புக்கும் ஹெட் ஒரு மயிரிழை எழும்பும்.
எழும்பி உட்காரும்.
அந்த மயிரிழை போதும் நெருப்புக்கு.

போல்ட்டுகளை வரிசையாக நிறுத்தி அளந்தேன்.
பதினொன்று நீண்டுபோயிருந்தன.
நீண்டது திரும்பிச் சுருங்காது.

செங்கோட்டையில் லேத் ரெஜினாள்
நேர்விளிம்பை வைத்து, விளக்கைப் பின்னால் பிடித்து
"வெளிச்சம் வருது பாரு" என்றாள்.
வந்தது. நடுவில், நூல்போல.
மட்டம் சீவினாள்.
ஆறு வாய்க்கும் ஆறு பள்ளம் வெட்டி
ஸ்டெயின்லெஸ் கம்பியை வளைத்துப் பதித்தாள்,
விரல் தடவினால் மட்டும் தெரிகிற மேடு.
"இது கேஸ்கெட்டைக் கடிச்சுப் பிடிச்சுக்கும்.
ஆனா நீ எவ்வளவு காத்து அடிக்கிறேங்கிறதுக்கு
நான் பொறுப்பில்ல."

போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட்.
இரவு ஷெட் குளிர்ந்தபிறகு முறுக்க ஆரம்பித்தேன்.
நடுவில் ஒன்று, எதிரே ஒன்று,
அப்படியே சுற்றிச் சுற்றி வெளியே.
ஓரத்திலிருந்து வந்தால் நடு வீங்கிக்கொள்ளும்.
முதல் சுற்று லேசாக. இரண்டாவது பாதி.
மூன்றாவதில் டார்க் ரெஞ்ச் கிளிக் என்கிற இடம்.
இருபத்தாறு கிளிக்.
பத்தொன்பதில் மின்சாரம் போனது,
பிச்சை போன் வெளிச்சம் பிடித்தான்,
எண்ணிக்கை தவறியதா என்று மறுபடி முதலிலிருந்து.

கடைசியாக டர்போவை மாட்டும்போதுதான் பார்த்தேன்.
வேஸ்ட்கேட் கம்பியின் பூட்டு நட்டில்
ஒரு மஞ்சள் பொட்டு.
நான் தொட்ட நட்டில் மஞ்சள் வைப்பது நான் மட்டும்தான்,
இந்த ரோட்டில்.

வைகாசி. மழைக்கு முந்தின ஓட்ட நெரிசல்.
"ஏத்தத்துல ரெண்டாவது கியருக்கு இறங்காம
இழுக்கணும்ணே" என்று இவன்தான் கேட்டான்.
நாலு மரை சுருக்கினேன். ஐந்நூறு ரூபாய்.
பூஸ்ட் கேஜ் வைக்கவில்லை.
காதால் கேட்டுச் சரி என்றேன்.

பிச்சை ஒன்றும் சொல்லவில்லை.
வெளிச்சத்தை மட்டும் அந்த இடத்திலேயே
கொஞ்சநேரம் பிடித்திருந்தான்.

நாலையும் தளர்த்தினால் இந்தப் பாரம் ஏறாது,
இவன் ஆரியங்காவில் வேறு ஆளிடம் போவான்.
ரெண்டு தளர்த்தினேன்.
பழைய பொட்டைச் சுரண்டினேன்.
புதிதாக வைக்கவில்லை.

பில்லில் லேத் கூலி, ஸ்டட், கேஸ்கெட், ஆயில், கூலண்ட்.
என் கூலியை எழுதி, அடித்து, பிறகு பாதி எழுதினேன்.
வண்டி ஒருதரம் சுட்டு ஆறியதும்
திரும்பக் கொண்டுவா, மறுமுறுக்கு இருக்கிறது என்றேன்.
சரிண்ணே என்றான்,
சாயங்காலமே லோடு இருக்கிறவன் சொல்கிற சரி.

எஸ் வளைவில் ஏறும்வரை காதுகொடுத்து நின்றேன்.
மூன்றாவது கியர்.
இரண்டாவதுக்கு இறங்குகிறானா என்று கேட்பதற்குள்
எதிரே ஒரு டாரஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது.