முடிக்கவில்லை என்று ஒரு கடிதம்

மதிப்பெண் பட்டியல் ஏற்றியாகிவிட்டது.
சாதி, வருமானம், இருப்பிடம்
மூன்றும் பச்சை.
முதல் பட்டதாரி சான்று மட்டும்
வி.ஏ.ஓ. மேசையில் ஒன்பது நாளாக
மஞ்சளாகவே கிடக்கிறது
என்று திரையை என் பக்கம் திருப்பினாள்
குடியாத்தம் இ-சேவை மையத்து ஹேமாவதி.
கடைசித் தேதிக்கு நான்கு நாள்.
அதில் ஒன்று ஞாயிறு.

வெயில் நூற்றியெட்டு.
கவுண்டன்யா ஆற்றில் மணல்தான் பளபளத்தது.
அப்பாவும் நானும் போய் நின்றோம்.
முனிரத்தினம் சார் கோபக்காரர் இல்லை,
அதுதான் சங்கடம்.
அப்பா எட்டாவது:
வட ஆற்காடு மாவட்டம் என்று முத்திரை விழுந்த
பழைய டி.சி.யைக் காட்டினோம், சரி.
அம்மா ஐந்தாவது, தீப்பெட்டி ஆபீஸ், சரி.
"பையன்?"
"முடிக்கலைங்க சார்."

அவர் இழுப்பறையைத் திறந்தார்.
என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.
மூலையில் மஞ்சள், நடுவில் பிள்ளையார்,
போன ஆவணியில்
நாங்களே தட்டில் வைத்துக் கொடுத்தது.
திருநிறைச்செல்வன் தாமோதரன், பி.காம்.

"இது இன்னாது அப்போ?"

அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.
அந்த மூன்று எழுத்துக்கும் இரண்டு புள்ளிக்கும்
அச்சகத்தில் தனியாகக் காசு கேட்கவில்லை.
ஒடுகத்தூர்க்காரர்கள் கேட்டார்கள், சொன்னோம்.
அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

அண்ணன் இரண்டு வருடம்
காலை ரயிலில் காட்பாடிக்குப் போய்வந்தவன்.
மூன்றாம் வருடம் அதே நேரத்துக்கு எழுந்து
பேரணாம்பட்டு ஷூ கம்பெனிக்கு
சோல் ஒட்டப் போனான்.
ஏழு அரியர்.
வீட்டில் யாரும் அதை வாய்விட்டு எண்ணியதில்லை.

"கைப்பட எழுதி வாங்கினு வாம்மா,
படிச்சேன், ஆனா முடிக்கலைன்னு.
நான் மேல அனுப்பிடறேன்."

இரண்டு நாள் போயிற்று.
அம்மா கேட்பாள் என்று அப்பா,
அப்பா கேட்பார் என்று அம்மா,
இரண்டு பேரில் யாராவது
கேட்டுவிடுவார்களோ என்று நான்.
சர்வர் வேலை செய்யவில்லை போல என்று
ஹேமாவதியிடமே போய்ச் சொன்னேன்.
சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள்
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கடைசிக்கு முந்தின இரவு
பசை வாடையோடு வந்து
கை கழுவிக்கொண்டிருந்தவனின்
முதுகைப் பார்த்துச் சொன்னேன்.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
அண்ணிதான் வந்து குழாயை மூடினாள்.

"எத்தன பேப்பர்?"
"ஏழு."

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை,
அப்பாவையும் பார்க்கவில்லை.
மளிகை நோட்டை எடுத்து
பின்னை நிமிர்த்தி
நடுத்தாளை அலுங்காமல் உருவிக் கொடுத்தாள்.
பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவன் கையெழுத்து அவ்வளவு நன்றாயிருக்கும்
என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.
அனுப்புநர், பெறுநர், ஐயா வரைக்கும்
நிற்காமல் எழுதினான்.
பொருள் என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து,
பேனாவை மூடினான். திறந்தான்.
பட்டப்படிப்பை முடிக்காதது தொடர்பாக
என்று எழுதி
என் ஸ்கேலை வாங்கி அடிக்கோடு போட்டான்.

மறுநாள் மாலை நாலு ஐம்பதுக்குப் பச்சை.
குடும்பத்தில் முதல் பட்டதாரியாம் நான்,
இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை.
ஜெராக்ஸ் கடையில்
கடிதத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்,
இரண்டு ரூபாய்.
யாரும் கேட்கப்போவதில்லை.
கோப்பில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

அண்ணி வேளைக்குச் சோறு போடுகிறாள்,
துணி மடிக்கிறாள்,
என் பையில் தண்ணீர் பாட்டில் வைக்கிறாள்.
பேசத்தான் இல்லை.
அதற்கு யாரும்
கடைசித் தேதி போடவில்லை.