மாற்றுச் சுவிச்சு, மல்லாவி

ஆணியில் தொங்கியது அந்த வயர்.
இரண்டு முனையிலும் பிளக்கு,
இரண்டிலும் நீட்டிய பித்தளைப் பல்லு.
"கரண்ட் நிண்டா ஒண்டை ஜெனரேற்றரிலயும்
மற்றதைச் சுவரிலயும் குத்துவன்,
வீடு முழுக்க எரியும்" என்றாள் சோதிமலர்.
பெருமையாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தேன்.
சுவரில் அவள் ஊட்டும் கரண்ட்
மீற்றரைத் தாண்டி வீதிக்கு வரும்,
சந்தி ட்ரான்ஸ்போமரில் பின்பக்கமாக ஏறி
முப்பத்துமூவாயிரம் வோல்ற்றாகப் பெருத்து
துணுக்காய்ப் பக்கம் போகும்.
அங்கே, லயன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி
கம்பியில் கைவைத்திருப்பான்
மின்சார சபை நிக்சன்.
போன மாரியில் பாலைமரம் முறிந்து விழுந்த இடத்தில்
இடுப்புப் பட்டியில் தொங்கியபடி
"பிளேன்ரீ இருக்கோ" என்று கேட்டவன்.

அவளுக்கு ஒரே நிபந்தனை:
இடைவெளி இருக்கக் கூடாது.
அடைகாக்கும் பெட்டியில் எண்ணூற்று நாற்பது முட்டை,
முப்பத்தேழு தசம் ஏழு பாகை.
கண் மூடித் திறக்கிற நேரமும் ஆகாது.

கொப்பியின் பின்மட்டையில் கீறினேன்.
மேலே சபை. கீழே ஜெனரேற்றர்.
நடுவில் அச்சு, அச்சில் ஒரே ஒரு கைபிடி.
ஒரு கைபிடி ஒரே நேரத்தில் இரண்டிடத்தில் நிற்காது;
முழு வடிவமைப்பும் அவ்வளவுதான்,
மிச்சம் செம்பும் பேக்லைட்டும் திருகாணியும்.
லயனோடு நியூற்றலையும் சேர்த்தே வெட்ட வேண்டும்.
நியூற்றல் சும்மா கிடக்கிற கம்பி என்று நினைப்பவர்கள்
நினைக்கிறவரைக்கும் உயிரோடிருப்பார்கள்.

கத்தி பழைய தாடையை முழுதாக விட்ட பிறகே
புதிய தாடையைத் தொடலாம்.
முந்தித் தொட்டால்
வேறுவேறு தாளத்தில் வரும் இரண்டு கரண்டும் மோதும்.
பிந்தித் தொட்டால் ஒன்றுமில்லை,
கொஞ்சம் இருட்டு.
அந்த இருட்டுக்குள் ஒரு பள்ளம் வெட்டினேன்,
கைபிடி விழுந்து நிற்க.
பக்கத்தில் ஆமைப்பூட்டுக்கு ஒரு துளை.

"நடுவில ஏன் பூச்சியம்?"
கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அதுக்கும் காசோ?"

வாக்குவாதத்தை முட்டைகளிடம் விட்டோம்.
மெயினை இறக்கினேன்.
அவள் போன் வெளிச்சத்தில் வெப்பமானியைப் பார்த்திருந்தாள்.
விசிறி நின்றதும்
தகரத்தில் பல்லி ஓடுவது கேட்டது.
ஐந்து நிமிடம்: முப்பத்தேழு தசம் ஐந்து.
பத்து: தசம் மூன்று.
பிறகு அவள் வாசிக்கவில்லை, மூச்சைத்தான் கேட்டேன்.
இருபதாம் நிமிடம்: முப்பத்தாறு தசம் எட்டு.
"ஒரு பாகையும் இறங்கேல்லை" என்றாள்,
எனக்கல்ல, பெட்டிக்கு.
கொஞ்சம் பொறுத்து,
"கோழி எழும்பிப் போய்த்
தண்ணி குடிச்சிட்டு வாற நேரந்தானே."

முதிரைப் பலகை
துளைகருவியின் இரண்டு அலகை முறித்தது.
கணக்கில் எழுதினேன், மறுத்துவிட்டாள்.
சோலருக்கென்று ஓரிடம் வெறுமையாக விட்டிருக்கிறேன்;
குஞ்சு விற்ற காசு வந்தபிறகு பார்ப்போம்.
இரட்டைப் பல்லு வயரை வெட்டினேன்.
"பிளக்கு ரெண்டும் நல்லது" என்று
லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள்.

நான் ஒன்று, பூச்சியம், இரண்டு என்று பொறித்திருந்தேன்.
அடுத்த முறை போனபோது
சிவப்பு நகப்பூச்சால் எழுதியிருந்தாள்:
சபை.
எஞ்சின்.
நடுவில், கொஞ்சம் சரிவாக,
பொறு.

வைகாசிக் காற்றில் லயன் அறுந்த அன்று
நிக்சன் அழைத்தான்.
"டேய், மல்லாவியில ஆரோ ஒரு மனுசி
என்ர நம்பரைத் தேடிப் பிடிச்சு எடுத்தவ.
பொறுவில விட்டுப் பூட்டிட்டன்,
திறப்பு என்ர கையில, நீ பயப்பிடாம ஏறு,
ஆனா இருவது நிமிசத்துக்குள்ள முடி எண்டவ.
ஆரடா அது?"

எஞ்சின் பக்கம் நின்றாலும்
வீதிக்கு ஒன்றும் வராது,
சுவிச்சைச் செய்ததே அதற்குத்தான்.
அவளுக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.