நாற்பது நொடி

மேசையை அளந்துதான் போட்டிருந்தார்கள்.
இரண்டு கால் அந்த நாட்டில், இரண்டு கால் இந்த நாட்டில்.
கோடு ஓடுவதாகச் சொல்லப்படும் இடத்தில்
தண்ணீர்க் குப்பிகள் வரிசையாக நின்றன.
யாரும் திறக்கவில்லை.

என் நாற்காலி குறுக்கே.
பெயர்ப்பலகை கிடையாது.
இவர்கள் என்னை அவர்கள் ஆள் என்றும்
அவர்கள் என்னை இவர்கள் ஆள் என்றும் நினைத்ததில்
சாப்பாட்டுச் சீட்டு இரண்டு பக்கமும் விட்டுப்போனது.

ஒரோஸ்பெக் கிர்கிஸில் பேசுவார், நான் தாஜிக்கில் சொல்வேன்.
தவ்லத்மந்த் தாஜிக்கில் பேசுவார், நான் கிர்கிஸில் சொல்வேன்.
இருவரும் ஒரே கல்லூரி விடுதியில்
ஒரே சட்டி உருளைக்கிழங்கைச் சுரண்டித் தின்றவர்கள்.
ரஷ்ய மொழியில் ஒருவரையொருவர்
குடும்பத்தோடு திட்டத் தெரிந்தவர்கள்.
நான் வாய் திறக்குமுன்பே
எதிரில் இருப்பவர் காது சிவந்துவிடும்.

அப்புறம் நான் எதற்கு?
தேநீர் இடைவேளையில் கேட்டேவிட்டேன்.
"நாற்பது நொடிக்கு" என்றார் தவ்லத்மந்த்.
"நீ சொல்லி முடிக்கிற வரை
நான் பதில் சொல்ல வேண்டாமே."

அதற்குப் பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

காலை முழுக்க வரிசைச் சண்டை.
சாவடியைப் பின்னுக்கு இழுத்தால் லாரியை விடுகிறோம்.
லாரியை விட்டால் சாவடியைப் பற்றிப் பேசுகிறோம்.
ஜன்னலுக்கு வெளியே
ஆப்ரிகாட் லாரிகளுக்கு அது மூன்றாம் நாள்.
குளவிகளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

மதியத்துக்குமேல் வாய்க்கால் வந்தது.
தலைமடை ஒரு நாட்டில், கடைமடை இன்னொன்றில்.
மதகு யாருடையது என்பதற்கு
மூன்று வரைபடங்கள், மூன்றிலும் வேறு வேறு பென்சில்.
போன வருடம் அந்த மதகடியில்
மண்வெட்டியில் தொடங்கியது, துப்பாக்கியில் முடிந்தது.
செத்தவர் எண்ணிக்கையை இரு தரப்பும் வாசித்தார்கள்,
தத்தம் எண்ணிக்கையை மட்டும்.
மொழிபெயர்க்கையில்
இரண்டையும் கூட்டிவிடாமல் இருக்க
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கள் மர்ஸை மிதித்தீர்கள்" என்றார் தவ்லத்மந்த்.
மர்ஸ் என்றால் எல்லை.
வாயை இன்னும் சற்றுத் திறந்து
மர்ஸா என்றால் வரப்பு.
அவர் வாயைத் திறக்கவில்லை.
நான்தான், கிர்கிஸில், வரப்பு என்றேன்.

தவறியா, தெரிந்தேயா?
விசாரணை வைத்தால் என்ன சொல்வேன் என்று
இன்றுவரை முடிவு செய்யவில்லை.

எல்லையை மிதித்தால் என்ன ஆகும் என்று
அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.
வரப்பை மிதித்தால் மண் அணைத்துக் கட்டுவார்கள்.
அதிலும் சண்டை உண்டு, மண்டை உடைவதும் உண்டு,
ஆனால் உடைத்தவன் வீட்டில்தான்
மறுநாள் மண்வெட்டி இரவல்.

ஒரோஸ்பெக் நிமிர்ந்து பார்த்தார்.
என்னை அல்ல, அவரை.
தவ்லத்மந்த் குப்பி ஒன்றின் மூடியைத் திருகினார்.
யாரும் திருத்தவில்லை.
நாற்பது நொடி எழுபதாக நீண்டது.
"வரப்பு என்றால்" என்றார் ஒரோஸ்பெக், மெல்ல,
"கட்டிக்கொள்ளலாம்."
குறிப்பெடுப்பவன் "எல்லை" என்றே எழுதிக்கொண்டான்.

ஆறு மணிக்குள் ஏழு லாரி.
சாவடி, மதகு, மற்றவை இருபத்தெட்டாம் தேதிக்கு.
ஆக்கபூர்வமான சூழல் நிலவியது என்று
இரண்டு மொழியிலும் கையெழுத்தானது.
உள்ளே மின்விசிறி நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது.

வெளியே சோவெத்பெக் ஓடி வந்தார்.
இல்லாமல்போன ஒரு நாட்டின் பெயரைத்
தன் பெயரில் சுமக்கிற மனிதர்.
லாரிப் பலகை இடுக்கில் சாறு ஒழுகி
சக்கரத்தடியில் புழுதி பாகாகியிருந்தது.
"என்ன பேசினார்கள்?"
"ஏழு லாரி" என்றேன்.
"நீங்கள் ஒன்பதாவது."

அவர் திரும்பி, விரல் நீட்டி,
முன்னால் நிற்பவற்றை எண்ணினார்,
தன் மொழியில் ஒருமுறை.
பிறகு ரஷ்ய மொழியில்.